அந்தக் ‘கட்… கட்’ எங்கிருந்து வருகிறது?

கேள்வி:

பொத்தேரியில் இருந்து எழுதுகிறேன். என் மூத்த மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த சைக்கிள் வீட்டில் இருக்கிறது. அவள் ரயிலேறிக் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த பிறகு அதை நான்தான் ஓட்டுகிறேன். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். கூடுவாஞ்சேரிக்குப் போய் நூல், லைனிங் துணி வாங்கிவர, தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க, ரேஷன் கடைக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான் வண்டி.

இரண்டு மாதமாகச் சக்கரத்திலிருந்து ‘கட்… கட்…’ என்று ஒரு சத்தம். பெடல் மிதிக்காமல் சும்மா உருளவிட்டாலும் வருகிறது. தள்ளிக்கொண்டு போனால் வருவதில்லை, ஏறி உட்கார்ந்தால் வருகிறது. கேரியரில் அரிசிப் பை வைத்தால் இன்னும் கூடுகிறது. வால்வு கீழே வரும்போதுதான் சத்தம் என்று முதலில் நினைத்தேன். சின்ன மகள் கூடவே ஓடிவந்து பார்த்துவிட்டு, “இல்லம்மா, வால்வு மேல இருக்கும்போதும் வருது, பக்கத்துல இருக்கும்போதும் வருது” என்கிறாள். ஒரு கடையில் எண்ணெய் விட்டார்கள். ஒருநாள் நின்றது, மறுநாள் திரும்ப வந்துவிட்டது. இன்னொரு கடையில் பின் வீலையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மிக்ஜாம் புயல் சமயத்தில் இந்த சைக்கிள் ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. அதனால் இருக்குமோ? இதைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மாடியில் குடியிருக்கும் கல்லூரிப் பையனுடைய டிஸ்க் பிரேக் சைக்கிள் ‘சிங்… சிங்…’ என்கிறது. அதற்கும் வழி சொன்னால் அவனிடம் சொல்வேன்.

— வாசகி, பொத்தேரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. அதிலும் உங்கள் சின்ன மகள் ஓடிவந்து பார்த்துச் சொன்ன அந்த ஒரு வரி பாதி வேலையை முடித்துவிட்டது. உங்கள் பின் வீல் ஹப்புக்குள் இருக்கும் பால்ரஸ் குண்டுகளில் ஒன்று உடைந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வீலை மாற்ற வேண்டியிருக்காது. சைக்கிளைப் பார்க்காமல் இதை எப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன். விளங்கிவிட்டால், அடுத்த முறை வேறு சத்தம் வந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

மேற்குத் தாம்பரத்தில் நான் தொழில் பழகிய கடையில் ஒரு பெரியவர் இருந்தார். சத்தம் வருகிறது என்று யாராவது வந்து ஸ்டாண்டு போட்டு வீலைச் சுற்றிக் காட்டினால் திரும்பியே பார்க்க மாட்டார். “ஏறிப் போய்ட்டு வா” என்பார். வண்டி தெருவில் அவரைத் தாண்டிப் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணுவார். திரும்பி வருவதற்குள் எந்தச் சாவியை எடுக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிவிடுவார். அவர் காதால் கேட்டது கொஞ்சம்தான், எண்ணியதுதான் அதிகம். சத்தம் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று காதை நம்பினால் ஏமாந்துபோவோம். சைக்கிளின் சட்டம் முழுக்க இரும்புக் குழாய். ஒரு மூலையில் தட்டினால் இன்னொரு மூலையில் கேட்கும். பெடல் அச்சில் வரும் சத்தம் சீட்டுக்கு அடியில் வருவது போல இருக்கும். முன் வீல் சத்தத்தைப் பின் வீல் என்று சத்தியம் செய்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எத்தனை அடிக்கு ஒருமுறை சத்தம் வருகிறது என்ற கணக்கு மட்டும் ஏமாற்றாது.

அந்தக் கணக்கைப் பாருங்கள். 26 இஞ்ச் வீல் ஒரு சுற்று சுற்றினால் சைக்கிள் இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகரும். டயரில் வீக்கம், ரிம்மில் கோட்டம், மட்கார்டில் உரசல் என்று வீலோடு ஒட்டிச் சுற்றும் எந்தக் கோளாறும் இரண்டு மீட்டருக்கு ஒருமுறை, வால்வு ஒரே இடத்தில் இருக்கும்போது வரும். பெடலுக்குக் கணக்கு வேறு. முன்னால் பெரிய பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்று சுற்றுவதற்குள் வீல் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று போய்விடும். அதனால் பெடலிலோ, இரண்டு பெடலையும் இணைக்கும் பிபி அச்சிலோ கோளாறு என்றால் ஐந்து மீட்டருக்கு ஒருமுறை சத்தம் வரும், அதுவும் மிதிக்கும்போது மட்டும். செயின் இன்னும் மெதுவானது. அதில் 110 கண்ணி இருந்தால், இறுகிப்போன ஒரு கண்ணி திரும்ப அதே இடத்துக்கு வரப் பெடல் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும். அதற்குள் சைக்கிள் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும்.

இதில் எதிலும் சேராதது ஒன்று உண்டு. அது ஹப்புக்குள் உருளும் குண்டு.

பின் ஹப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் அச்சு, அது சுற்றாது. அச்சின் இரு பக்கமும் கோன் என்கிற கூம்பு வடிவத் திருகு, அதுவும் சுற்றாது. வெளியே ஹப்பும் அதன் கப்பும் வீலோடு சுற்றும். நிற்கும் கோனுக்கும் சுற்றும் கப்புக்கும் நடுவில் பக்கத்துக்கு 9 குண்டு, ஒவ்வொன்றும் கால் இஞ்ச் கனம். ஒரு பக்கம் நின்று, மறுபக்கம் ஓடும்போது நடுவில் உருள்பவை முழு வேகத்தில் போகாது. அம்மிக் குழவியை மேலே உள்ளங்கை வைத்து உருட்டிப் பாருங்கள், கை ஓடும் தூரத்தில் குழவி பாதிதான் நகரும். குண்டும் அப்படித்தான். ஹப் வட்டமாக இருப்பதால் பாதிக்குக் கொஞ்சம் அதிகம். வீல் ஐந்து சுற்று சுற்றி முடிக்கும்போது குண்டுகள் அச்சைச் சுற்றி ஏறக்குறைய மூன்று சுற்றுதான் வந்திருக்கும். உடைந்த குண்டு பாரம் தாங்கும் கீழ்ப்பக்கத்துக்கு வரும்போதெல்லாம் ‘கட்’ என்னும். உங்கள் வீல் கணக்கில் அது ஏறக்குறைய மூன்றரை மீட்டருக்கு ஒருமுறை. வால்வோடு அது சேரவே சேராது. ஒருமுறை வால்வு கீழே இருக்கும்போது வரும், அடுத்த முறை மேலே, அடுத்து பக்கத்தில். உங்கள் மகள் கண்டுபிடித்தது இதைத்தான். அவளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

மற்றவையும் இதற்குப் பொருந்துகின்றன. மிதிக்காமல் உருளவிட்டாலும் வருகிறது என்றால் பெடல், செயின், பிபி அச்சு எல்லாம் விலகிவிட்டன. தள்ளும்போது வராமல் உட்கார்ந்தால் வருகிறது என்றால் பாரம் தாங்கும் இடத்தில் கோளாறு. கேரியரில் பாரம் வைத்தால் கூடுகிறது என்றால் அது பின் வீல், ஏனென்றால் கேரியர் பாரம் முன் வீலுக்குப் போவதில்லை.

எண்ணெய் விட்டதும் ஒருநாள் நின்றதற்கும் காரணம் உண்டு. அந்தக் கடைக்காரர் மீது தப்புச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து சைக்கிள்களில் ஹப்பின் நடுவில் ஒரு சின்ன ஓட்டையும், அதை மூட ஒரு தகட்டு வளையமும் இருக்கும். வளையத்தைத் தள்ளி அடிக்கடி சில சொட்டு எண்ணெய் விடுவார்கள், அந்த ஹப்புக்கு அது சரி. இப்போது வருகிற ஹப்பில் கிரீஸ் வைத்துத்தான் மூடுகிறார்கள். அச்சு ஓரமாக லேசான எண்ணெயைப் பீச்சினால், அது உள்ளே போய் இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு வெளியே வழிந்துவிடும். எண்ணெய் இருக்கும்வரை குண்டுக்கு மெத்தை போல இருக்கும், சத்தம் அடங்கும். வழிந்த பிறகு முன்பைவிட வறண்டுபோகும். அதனால் இனி யாரும் எண்ணெய் விட வேண்டாம்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். 26 இஞ்ச் வீலின் அச்சு தரையிலிருந்து ஓரடிக்குச் சற்று மேலே இருக்கிறது. முழங்கால் அளவுத் தண்ணீர் நின்றால் ஹப் முழுக்க முழுக்கத் தண்ணீரில் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் முழுகிய சைக்கிள்களை மாதக்கணக்கில் பிரித்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாமுக்குப் பிறகும் அதே கதைதான். தண்ணீர் வடிந்ததும் வெளியே துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு ஓட்டத் தொடங்கிவிடுவோம். ஹப்புக்குள் போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, கிரீஸோடு கலந்து அங்கேயே நிற்கும். பிரித்தால் பால் கலந்த காப்பி நிறத்தில் இருக்கும். குண்டிலும் கோனிலும் பொட்டுப் பொட்டாகத் துரு பிடிக்கும். அந்தப் பொட்டில் ஒரு துளி உலோகம் பெயரும், பெயர்ந்த துகள் மற்ற குண்டுகளை அரைக்கும். இதெல்லாம் நடக்க மாதங்கள், சில வண்டிகளில் வருடங்கள்கூட ஆகும். அதனால்தான் வெள்ளத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தோன்றுவதில்லை. உங்களுக்குத் தோன்றியது, அது சரிதான் என்று நினைக்கிறேன்.

கடைக்கு எடுத்துப் போகும்போது “பின் ஹப் ஓவராயில் பண்ணணும், பால்ஸ் புதுசு போடணும்” என்று சொல்லுங்கள். பக்கத்திலேயே நின்று பாருங்கள். இடது பக்கத்துக் கோனைக் கழற்றினால் போதும், அச்சு வலது கோனோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். அடியில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்தால் குண்டுகள் சிதறாது. இரண்டு பக்கமும் சேர்த்து 18 குண்டு விழ வேண்டும். 17 விழுந்து கூட ஒரு சில்லும் கொஞ்சம் கறுப்பு மணலும் விழுந்தால் உங்கள் ‘கட்’ கிடைத்துவிட்டது.

உடைந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பழையவற்றோடு சேர்க்க விடாதீர்கள், சகோதரி. இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். பழைய குண்டுகள் தேய்ந்து ஒரு மயிரிழை சிறுத்திருக்கும். புதியது ஒன்று மட்டும் பெரிதாக நின்றால் மொத்த பாரமும் அதன் தலையில் விழும், அது சீக்கிரம் உடையும், கோனையும் கெடுக்கும். 18-ம் புதிதாக வேண்டும். வீலின் மற்ற சாமான்களோடு பார்த்தால் அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. இடம் இருக்கிறதே என்று பக்கத்துக்குப் பத்தாவது குண்டைத் திணிக்கவும் கூடாது. கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் உருளும், இல்லாவிட்டால் ஒன்றையொன்று உரசும்.

பிறகு கோன். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, குண்டு ஓடிய தடத்தில் ஒரு பால்பாயிண்ட் பேனா முனையை வைத்து மெல்ல ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியும் பேனாவில் ‘டிக்’ என்று தட்டும். தையல் வேலை செய்யும் கை உங்களுடையது, ஊசி முனையின் சொரசொரப்பு தெரிந்த விரலுக்கு இது உடனே தெரியும். கோனில் குழி இருந்தால் கோனை மாற்றிவிடலாம், தனியாகக் கிடைக்கும். அதே பேனாவை ஹப்பின் கப்புக்குள்ளும் ஓட்டுங்கள். அங்கே ஆழமான குழி இருந்தால் மட்டும் இரண்டாவது கடைக்காரர் சொன்னதில் நியாயம் உண்டு. அப்போதும் ஹப்பை மாற்றிப் பழைய ரிம்மிலேயே கம்பி கோக்கலாம், ஆனால் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் புது வீலே லாபமாக இருக்கும். அந்த முடிவைப் பேனா சொல்லட்டும், பிரிப்பதற்கு முன்னால் யாரும் சொல்ல வேண்டாம்.

அச்சையும் ஒரு கண்ணாடித் தட்டில் உருட்டிப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கி ஏறும் சைக்கிளில் பின் அச்சு லேசாக வளைந்துபோவது சகஜம். வளைந்த அச்சில் எவ்வளவு நல்ல குண்டு போட்டாலும் நிலைக்காது.

புதுக் கிரீஸைத் தாராளமாக வைத்துக் குண்டுகளைப் பதித்து மூடிய பிறகு கோனை இறுக்கும் பக்குவம்தான் மெக்கானிக்கின் கை. அதிகம் இறுக்கினால் நறநற என்று அரைக்கும், தளர்வாக விட்டால் வீல் ஆட்டம் கொடுக்கும். நீங்கள் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். வீலைத் தரையில் படாமல் தூக்கி மெல்லச் சுற்றி விடுங்கள். வால்வு இருக்கும் பக்கம் சற்று கனம். நல்ல ஹப் என்றால் அந்தப் பக்கம் தானாகக் கீழே இறங்கி, ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடி ஆடித்தான் நிற்கும். திடீரென்று பிடித்தாற்போல நின்றால் இறுக்கம் அதிகம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ‘டொக் டொக்’ என்று கைக்குத் தெரிந்தால் தளர்வு. செயின் மேலும் கீழும் அரை இஞ்ச் அசைய வேண்டும். இவ்வளவும் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ஹப்பைப் பிரிக்கும்போதே ஃப்ரீவீலையும் மண்ணெண்ணெயில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மட்டும் கிரீஸ் கூடாது, லேசான எண்ணெய்தான். உள்ளே சின்ன நாக்குகள் பல்லில் விழுந்து விழுந்து எழுவதுதான் நாம் கேட்கிற அந்தக் ‘கிர்ர்’. கிரீஸ் வைத்தால் நாக்கு ஒட்டிக்கொண்டு எழாது. ஏறி மிதிக்கும்போது பெடல் சும்மா சுற்றும், ஆள் முன்னால் விழ வேண்டியதுதான்.

பிரித்துப் பார்த்து 18 குண்டும் முழுசாக இருந்தால்? அப்படியும் நடக்கும். அப்போது என் அடுத்த சந்தேகம் கம்பிகள் மீது.

ரயிலில் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். வண்டி நின்றதும் ஒருவர் நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு வந்து ஒவ்வொரு சக்கரமாக ‘டங்… டங்…’ என்று தட்டிக்கொண்டே போவார். விரிசல் இல்லாத சக்கரம் கோயில் மணி போலக் கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது சொத்தையாகச் சொல்லும். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவதும் அதே வித்தைதான். சைக்கிள் கம்பிக்கும் அதைச் செய்யலாம். ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டிக்கொண்டே போங்கள். பின் வீலில் செயின் பக்கத்துக் கம்பிகள் சற்று உயர்ந்த சுரத்தில் பேசும், மறுபக்கம் கொஞ்சம் தாழ்ந்து பேசும். அது இயல்பு. ஒரே பக்கத்தில் எல்லாம் ‘டிங்’ என்னும்போது ஒன்று மட்டும் ‘டப்’ என்றால் அது தளர்ந்த கம்பி.

சைக்கிள் வீல் நிற்பதே ஒரு அதிசயம். கட்டை வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் தூண் போல அடியிலிருந்து பாரத்தைத் தாங்கும். சைக்கிள் கம்பியைத் தூணாக வைத்தால் வளைந்துவிடும். எல்லாக் கம்பிகளையும் விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்பதால்தான் வீல் நிற்கிறது. இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-இல் கம்பிகளை நேராக விடாமல் சாய்த்து ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கோக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். பொத்தேரித் தெருவில் இன்று ஓடுகிற சைக்கிளிலும் அதே பின்னல்தான். நாம் ஏறி உட்காரும்போது தரையைத் தொடும் இடத்துக் கம்பிகளின் விறைப்புக் குறைகிறது, அவை மேலே போனதும் திரும்ப விறைக்கின்றன. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1981-இல் ‘தி பைசைக்கிள் வீல்’ என்ற புத்தகத்தில் இதைக் கணக்குப் போட்டு விளக்கினார். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் இப்படித் தளர்ந்து இறுகும்போது, குறுக்கே வெட்டும் இடத்தில் இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று உரசும். விறைப்புப் போதாத வீலில், துரு ஏறிய கம்பியில், அந்த உரசல் ‘டிக்… டிக்…’ என்று கேட்கும். வெயில் காலத்தில் வறண்டபோது அதிகம், மழையில் நனைந்தால் மறைந்துவிடும். அந்த வெட்டும் இடங்களில் மட்டும் ஒரு துரும்பால் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் வைத்துப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் காரணம் தெரிந்துவிட்டது. பிறகு கம்பிகளை ஒரே சீராக இறுக்கி கோட்டம் எடுத்துக்கொள்ளலாம். கோட்டம் எடுத்த அன்று முதல் பத்துச் சுற்றுக்கு ‘டிங், டிங்’ என்று கம்பிகள் பேசினால் பயப்பட வேண்டாம். ரிம்மில் கம்பியைப் பிடித்திருக்கும் நிப்பிளைத் திருகும்போது கம்பியும் கூடவே முறுக்கிக்கொண்டிருக்கும், பாரம் பட்டதும் முறுக்கு விடுபடுகிறது, அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு ‘டங்’ கேட்டு, அதற்குப் பிறகு வீல் பிரேக் கட்டையில் உரச ஆரம்பித்தால் கம்பி அறுந்திருக்கிறது. அறுந்த ஒன்றின் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும், அவையும் வரிசையாக அறும். அதேபோல டயர் ‘தொப்… தொப்…’ என்று இரண்டு மீட்டருக்கு ஒருமுறை தரையில் தட்டினால் இறங்கி டயரைத் தடவிப் பாருங்கள். கொப்புளம் போல வீங்கியிருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது, எந்த நேரமும் வெடிக்கும். முன் வீல் ஆட்டம் கொடுத்தாலும் அப்படித்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரியும் பஸ்ஸும் உரசிக்கொண்டு போகிற இடத்தில் இந்த மூன்றில் எது வந்தாலும் இறங்கித் தள்ளிக்கொண்டே போய்விடுங்கள். வேலை அரைமணி தாமதமானால் ஆகட்டும்.

மாடி வீட்டுத் தம்பியின் ‘சிங்… சிங்…’ எளிது. டிஸ்க் தகடு பிரேக் பேடில் உரசுகிறது. வீலைக் கழற்றி மாட்டியபோது சரியாக உட்காராமல் போயிருக்கலாம். முதலில் அச்சைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் நிறுத்தி, திரும்ப இறுக்கட்டும். தீரவில்லை என்றால், பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் லேசாகத் தளர்த்தி, பிரேக்கைப் பிடித்தபடியே திரும்ப இறுக்க வேண்டும். ஒயரால் இழுக்கும் பிரேக் சிலவற்றில் ஒரு பேடு மட்டும் நகரும். அதில் மற்றப் பேடைத் தனித் திருகால் சரிசெய்ய வேண்டும். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசினால் தகடு வளைந்திருக்கிறது, கடையில் நிமிர்த்திக் கொடுப்பார்கள். எதைச் செய்தாலும் அந்தத் தகட்டில் எண்ணெய்க் கையை வைக்கக் கூடாது. ஒரு சொட்டு பட்டாலும் பேடு அதை உறிஞ்சிக்கொண்டு, ஊரே கேட்கும்படி அலறும், பிரேக்கும் பிடிக்காது. ஓடிய உடனே தொட்டால் விரல் வெந்துவிடும் என்பதையும் சொல்லுங்கள்.

திரும்ப உங்கள் சைக்கிளுக்கு வருகிறேன். 2001-02 கல்வியாண்டில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, பிறகு மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த அரசு சைக்கிள் திட்டத்தில் வந்தது அது. பள்ளிக்கூடம் போகப் பிள்ளைகளுக்குக் கொடுத்த வண்டி, பிள்ளைகள் படித்து முடித்த பிறகு அம்மாக்களின் வண்டியாகப் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பதைத் தினமும் பார்க்கிறேன். என் கடைக்கு வரும் வண்டிகளில் அதைப் பிரிக்கும்போது மட்டும் எனக்குக் கை கொஞ்சம் மெதுவாகப் போகும். மாற்ற வேண்டியது 18 குண்டு. அதற்காக ஒரு வண்டியை இரும்புக்குப் போட வேண்டாம்.

கடைக்குப் போவதற்கு முன்னால் எனக்காக ஒரு வேலை செய்யுங்கள். காலையில் ரோட்டு இரைச்சல் ஏறுவதற்குள் உங்கள் தெருவில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, உங்கள் தையல் டேப்பை 13 முறை நீட்டி வைத்து அங்கே இன்னொரு கோடு போடுங்கள். ஏறக்குறைய 20 மீட்டர் வரும். அரிசிப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, முதல் கோட்டுக்கு முன்பே நன்றாக மிதித்து வேகம் எடுத்து, கோட்டைத் தாண்டியதும் மிதிப்பதை நிறுத்தி உருளவிடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எத்தனை ‘கட்’ என்று சின்ன மகள் எண்ணட்டும். ஆறு என்றால் குண்டு. ஒன்பது, பத்து என்றால் வீலோடு சுற்றும் ஏதோ ஒன்று, நான் சொன்னது தப்பு, முதலில் டயரையும் ரிம்மையும் பார்க்க வேண்டும். மூன்று முறை ஓட்டி மூன்று எண்ணையும் ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள்.